நான்கு அங்குலம்

மெர்ல் ஸ்டாஃபர் பந்தய நாள்களில் காலைக் காபி குடிப்பதற்கு முன்பே பிறருடைய வண்டிகளைப் பார்த்து முடித்துவிடுவார். பென்சில்வேனியாவின் எந்தப் புல்வெளியில் எங்கள் சங்கம் கூடினாலும் இதில் மாற்றமில்லை. வேனை நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, வரிசையாக நிற்கும், மேடுபள்ளத்தில் ஓட்டும் பழைய மோட்டோகிராஸ் பைக்குகளுக்கு நடுவே மெல்ல நடப்பார். ஒவ்வொன்றின் முன்பும் குனிந்து கார்புரேட்டரைப் பார்ப்பார், பிரேக்கைப் பார்ப்பார், பின்புற ஷாக் அப்சர்பர்களை மட்டும் நெடுநேரம் பார்ப்பார். சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் சங்கத்தின் விதிப்புத்தகம் இருக்கும். அதைத் திறக்க வேண்டிய தேவை அவருக்கு நேர்ந்ததில்லை. பக்க எண்ணோடு மனப்பாடம்.

"எல்லாரும் பல்லைக் காட்டுங்கப்பா, டாக்டர் வர்றாரு" என்று குழாய்த் தொழிலாளி டென்னி கோவால்ச்சிக் கத்துவான். மெர்ல் சிரிக்கமாட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் நில அளவையராக இருந்தவர். பிறர் வேலியை அங்குலம் அங்குலமாக அளந்தே வாழ்ந்த மனிதருக்குச் சிரிப்பும் சற்று அளவாகத்தான் வரும்.

எங்கள் விதிகள் எளியவை. வண்டி 1974-க்குப் பிற்பட்டதாக இருக்கக் கூடாது. எஞ்சின் காற்றால் மட்டுமே குளிர வேண்டும். முன் சக்கரம் ஏழு அங்குலத்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. பின் சக்கரம் நான்கு அங்குலத்துக்கு மேல் கூடாது. அந்தக் காலத்தில் ஒரே ஆண்டில் தொழிற்சாலைகள் பின் சக்கரத்தின் ஏற்ற இறக்கத்தை இரட்டிப்பாக்கின. பள்ளங்கள் வண்டிக்குப் பள்ளமாகவே தெரியாமல் போயின. பழைய வண்டிக்காரர்கள் எல்லாரும் ஒரே கோடையில் பின்தங்கினார்கள். அந்தக் கோடை மறுபடி வரக் கூடாது என்பதற்காகத்தான் நான்கு அங்குலம். எங்களுக்குள் ஒருவனைத் திருடன் என்று சொன்னால்கூடச் சமாதானம் ஆகிவிடலாம். "நாலுக்கு மேல போறவன்" என்று சொல்லிவிட்டால் ஆகாது.

சென்ற ஆண்டின் கடைசிப் பந்தயத்தில் ஹார்லன் வாஸ் அந்தப் பெயரை வாங்கினார். அறுபது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் அவர் முதலிடத்தில் இருந்தார், மெர்ல் இரண்டாமிடம். மெர்ல் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தார். விதிப்படி ஹார்லனைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்திவிட்டு, அவருடைய வண்டியின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிச் சக்கரத்தைக் கையால் மேலே தூக்கி அளந்தார்கள். நான்கரை அங்குலம் வந்தது. "தப்பா அளக்கறீங்க!" என்று ஹார்லன் கயிற்றுக்கு அப்பாலிருந்து கத்தினார். பிடிபட்டவர்கள் எல்லாரும் அப்படித்தான் கத்துவார்கள் என்று எண்ணினோம். பட்டம் மெர்லுக்குப் போயிற்று. இந்த ஆண்டு முழுவதும் ஹார்லன் ஒரு பந்தயமும் தவறாமல் வந்தார். மெர்லின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

இந்த ஆண்டின் கடைசிப் பந்தயம் செப்டம்பரில், அறுவடை முடிந்த ஒரு மலைச்சரிவில் நடந்தது. அன்றும் நிலைமை அதேதான்: ஹார்லனும் மெர்லும் கிட்டத்தட்ட சமம். இரண்டு ஓட்டங்கள். அவற்றில் முந்துபவருக்குப் பட்டம்.

வெள்ளிக்கிழமை மெர்லின் ஷாக் அப்சர்பர் ஒன்று எண்ணெய் கசிந்தது. டென்னி தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய ஜோடியை எடுத்துக் கொடுத்தான். "என் வண்டில ரெண்டு வருஷம் ஓடினது. கண்ணை மூடிட்டு மாட்டு" என்றான். மெர்ல் கண்ணைத் திறந்துகொண்டேதான் மாட்டினார். ஆனால் அளக்க நேரமில்லை. சனிக்கிழமை காலை பரிசோதனை மேசையில் அமர்ந்திருந்தவர், "மெர்லா? புத்தகத்தையே பரிசோதிக்கச் சொல்றீங்களா?" என்று சிரித்து, வண்டியைப் பாராமலே அனுமதிச் சீட்டை ஒட்டிவிட்டார்.

முதல் ஓட்டத்தில் மெர்ல் வென்றார். ஹார்லன் ஒரு வண்டி நீளம் பின்னால் வந்தார்.

கைதட்டல் கேட்டது. மெர்லின் காதில் அது ஏறவில்லை. மூன்றாவது மேட்டிலிருந்து வண்டி விழுந்தபோது வழக்கமாக முதுகெலும்பில் ஏறும் அந்த இடி வரவில்லை. பின்பக்கம் மெத்தையில் அமர்ந்ததுபோல் இறங்கியது. ஆறு சுற்றிலும் ஆறு முறை அப்படி இறங்கியது. இத்தனை மென்மை நான்கு அங்குலத்துக்குள் கிடைக்காது என்று அவருடைய உடம்பு சொல்லிற்று.

ஆட்சேபம் கொடுக்க, ஓட்டம் முடிந்து அரை மணி நேரம் அனுமதி. மெர்ல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வண்டியை வேனுக்குப் பின்னால் தள்ளிச் சென்று, கதவிரண்டையும் திறந்து மறைவு செய்துகொண்டார். அவசரத்தில் ஸ்பிரிங் அழுத்தும் கருவி இரண்டு முறை வழுக்கிற்று. ஸ்பிரிங்குகளைக் கழற்றினார். ஷாக் தண்டில் செருகியிருந்த முட்டு ரப்பர்களையும் பிதுக்கி எடுத்து வேன் தரையில் போட்டார். சக்கரம் தொங்கிய நிலையில் ஒரு கோடு; கையால் தூக்கி நிறுத்தி இன்னொரு கோடு. அளவுகோலை வைத்தார்.

நான்கரையே அரைக்கால்.

மறுபடி அளந்தார். அதுவேதான்.

யாரோ புல்லில் நடக்கும் சத்தம் கேட்டது. மெர்ல் ஒரு சாக்கை எடுத்து வண்டியின் பின்பகுதிமேல் போட்டார். சத்தம் கடந்து போயிற்று. தாம் ஒளிக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. இப்போதே வண்டியை ஏற்றிக்கொண்டு, எஞ்சின் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா? முதல் ஓட்டத்தின் வெற்றி பதிவில் நிற்குமே, அதை என்ன செய்வது? ஹார்லன் இந்த நிமிடம் மேசைக்கு நடந்துகொண்டிருந்தால்? ஓராண்டாக அவர் காத்திருந்தது இதற்காகத்தானோ?

"என்னய்யா, வண்டிக்குக் குளிருதா? போர்த்தி விட்டிருக்க?"

டென்னி. கையில் பாதி தின்ற சாசேஜ் ரொட்டி.

"போடா, வேலையா இருக்கேன்."

"முகம் ஏன் மாவு மாதிரி இருக்கு?" டென்னி சாக்கைத் தூக்கிப் பார்த்தான். அளவுகோலையும் கோடுகளையும் பார்த்தான். "என் ஷாக்கையா சந்தேகப்படற?"

"நாலரைக்கு மேல போகுது, டென்னி. அரைக்கால் வேற." மெர்ல் அளவுகோலை நீட்டினார். "நான் நாலுக்கு மேல ஓட்டி ஜெயிச்சிருக்கேன்."

டென்னி மெல்லுவதை நிறுத்தினான். குனிந்து பார்த்தான். பிறகு வேன் தரையைப் பார்த்தான்.

"ரப்பர் ஏன் கீழ கிடக்கு?"

"அளக்க இடைஞ்சல். கழட்டிட்டேன்."

"அடப்பாவி மனுஷா! ஓடும்போது சக்கரம் அந்த ரப்பர்லதானே முட்டி நிக்கும்? அதைக் கழட்டிட்டு அளந்தா வண்டியை அளந்தியா, காத்தை அளந்தியா?" டென்னி ரப்பர்களை எடுத்துப் பிளவை விரித்துத் தண்டில் செருகினான். "இப்ப தூக்கு."

மெர்ல் தூக்கினார். ரப்பரில் முட்டி நின்றது. நான்குக்கு அரைக்கால் குறைவு.

"புது ரப்பர் மாட்டிக் குடுத்தேன்யா உனக்கு. அதான் மெத்துனு இருந்துச்சு. ஏழாம் பக்கத்தை நீயே சொல்லு பாப்போம்."

"ஸ்பிரிங்குகளை மட்டும் நீக்கி, பிற உறுப்புகள் யாவும் ஓட்டத்தில் உள்ளபடியே இருக்க..." மெர்ல் சொல்லிக்கொண்டே வந்து நின்றார். நூறு முறை சொன்ன வரி. கண்டபடி எதையும் சேர்க்காதே என்று அது எச்சரிப்பதாகவே அவர் எண்ணியிருந்தார். எதையும் எடுக்காதே என்றும் அது சொல்லிக்கொண்டிருந்தது.

"புத்தகத்துக்கே பாடம் எடுத்துட்டேன். எங்க வீட்ல சொன்னா நம்ப மாட்டா" என்று சிரித்தபடி டென்னி போய்விட்டான்.

மெர்லின் மூச்சு ஒருமுறை தாராளமாக வெளியேறிற்று. உள்ளே திரும்பவில்லை.

சென்ற ஆண்டு பரிசோதகருக்கு முழங்கால் வலி. குனிய முடியவில்லை. "நான் கழட்டித் தர்றேன்" என்று புல்லில் மண்டியிட்டது மெர்ல்தான். ஹார்லனின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிய பிறகு, இடைஞ்சல் என்று ரப்பர்களைப் பிதுக்கி எடுத்துப் புல்லில் போட்டதும் இந்த விரல்கள்தாம். ரப்பரின் தடிமன் முக்கால் அங்குலம். நான்கரையில் முக்காலைக் கழித்தால் மூன்றே முக்கால்.

ஹார்லன் விதிக்குள்தான் இருந்தார்.

முந்தைய அரை மணி நேரத்தில் மெர்லைப் பிடித்திருந்த அச்சத்துக்கு ஒரு கதவாவது இருந்தது: அளவு சரியாக இருந்தால் தப்பிக்கலாம். இதற்குக் கதவே இல்லை. அன்று ஹார்லனின் அளவு சரியாக இருந்ததுதான் மெர்லின் குற்றம். இது டென்னிக்குத் தோன்றவில்லை. வேறு எவருக்கும் தோன்றாது. வாயை மூடிக்கொண்டு ஸ்பிரிங்குகளை மாட்டி இரண்டாம் ஓட்டத்துக்குப் போகலாம். அவர் மாட்டவும் செய்தார். ஒன்றை மாட்டி முடித்தபோது கை ஓய்ந்துவிட்டது.

நடுவர் வெர்னா டிபெட்ஸ், வாரநாள்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், மேசையில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மெர்ல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வெர்னா பேனாவை மூடினார்.

"போன வருஷ முடிவைத் திறக்க வழியில்ல, மெர்ல். அரை மணி நேரம்தான் கெடு. பதினோரு மாசம் ஆச்சு. அந்த விதியை எழுதச் சொல்லிக் கை தூக்கினதே நீதான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்திருக்க?" வெர்னா பட்டியலை ஒதுக்கி வைத்தார். "பஸ்ல சின்னப் பசங்களுக்கு ஒரு கதை சொல்வேன். காட்டுக் கிணத்துக்குக் காவலா முள்ளம்பன்றியை வச்சாங்களாம். உடம்புல முள்ளு இருக்கறவங்களை உள்ள விடாதேன்னு உத்தரவு. அது ஒவ்வொருத்தரையும் கட்டிப் பிடிச்சு சோதிச்சுச்சாம். எல்லார் மேலயும் முள்ளு இருந்துச்சாம். முயல் மேல கூட. 'பாத்தீங்களா, நான் இல்லன்னா என்ன ஆகியிருக்கும்'னு கேட்டுச்சாம்."

மெர்ல் தலை நிமிரவில்லை. "ஓட்டக்காரங்க கூடும்போது எனக்கு ரெண்டு நிமிஷம் குடுங்க."

"ஒண்ணரை" என்றார் வெர்னா.

இரண்டாம் ஓட்டத்துக்கு முன் நாற்பது பேர் வழக்கம்போல் அரைவட்டமாக நின்றோம். மெர்ல் தம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினார். ஒரு பக்கம் ஸ்பிரிங் இருந்தது, மறுபக்கம் இல்லை. யாரோ, "ஐயா, பாதி டிரெஸ்ல வந்துட்டீங்க" என்றார்கள். சிலர் சிரித்தார்கள்.

"போன வருஷம் ஹார்லன் வண்டியை அளந்தப்ப முட்டு ரப்பரை நான் கழட்டினேன்" என்றார் மெர்ல். சிரிப்பு நின்றது. "கழட்டக் கூடாது. ஏழாம் பக்கம். ரப்பரோட அளந்திருந்தா மூணே முக்கால்தான் வந்திருக்கும். ஹார்லன் வண்டி சரியா இருந்துச்சு. தப்பு அளந்த கைல. என் கைல. அந்தப் பட்டம் அவரோடது."

எல்லாரும் ஹார்லனைப் பார்க்காமலிருக்க முயன்றோம், பார்த்தோம். தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி அவர் நின்றிருந்தார். கழுத்து சிவந்திருந்தது.

"அன்னைக்கே கத்தினேன்" என்றார்.

"கத்தினீங்க. என் காதுல விழுந்துச்சு. நான் நிமிர்ந்து பாக்கல."

"இன்னைக்கு எனக்காக மெதுவா ஓட்டலாம்னு நினைச்சா, வழியிலயே இடிச்சுத் தள்ளிட்டுப் போவேன்."

"ஓட்டமாட்டேன். முழுசாத்தான் ஓட்டுவேன்."

ஹார்லன் சட்டென்று நடந்து வந்து அவருக்கு எதிரே நின்றார். அடித்துவிடுவாரோ என்று டென்னி ஓரடி முன்னால் வைத்தான். ஹார்லன் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார்.

"இவங்க நாப்பது பேர்கிட்ட சொல்லிட்ட. சரி. என் பெஞ்சாதி ஆர்டித் இந்த வருஷம் ஒரு பந்தயத்துக்கும் வரல, கவனிச்சியா? எங்க ஊரு தீவனக் கடைல எவனோ அவளைப் பாத்து, 'நாலரை அங்குலக்காரர் சம்சாரமா'ன்னு கேட்டிருக்கான். அதுலேர்ந்து அந்தக் கடைப் பக்கமே போகல. அவகிட்ட சொல்லு."

எண்ணை அழுத்தி, மெர்லின் கையில் கொடுத்தார். வண்டியைக் கிளப்பத் தயாராக நின்றவர்களைப் பார்த்து வெர்னா கையை உயர்த்தினார். "ஒருத்தனும் எஞ்சினை உதைக்காதீங்க."

"ஆர்டித், நான் ஹார்லன் இல்ல. மெர்ல் ஸ்டாஃபர் பேசறேன்... இல்ல, இல்ல, அவர் நல்லா இருக்கார், விழல. பக்கத்துலதான் நிக்கறார்." அளவையும் ரப்பரையும் விரல்களையும் ஒன்று விடாமல் சொன்னார். மூன்றாம் முறை சொல்லும்போது முதல் இரண்டு முறையைவிடக் கடினமாக இருந்தது. முகம் தெரியாத மௌனத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு ஆர்டித்தின் குரல் வந்தது. அந்த நிசப்தத்தில் அருகிலிருந்த எங்களுக்கும் கேட்டது.

"பதினோரு மாசமா கோழித் தீவனம் வாங்க இருபது மைல் தள்ளிப் போறேன், மெர்ல்."

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் முயற்சி பண்ணல. உங்க ஊர்க் கடைக்கே நான் வர்றேன். யார் கேட்டாங்களோ அவங்க முன்னாடி இதையே சொல்றேன்."

"சும்மா ஆளில்லாத நேரத்துல வந்து சொல்லிட்டுப் போயிடாதீங்க."

"எப்ப ஆள் இருக்கும்?"

"திங்கக்கிழமை காலைல, எட்டு மணிக்கு. தீவன லாரி வர்ற நேரம். மொத்த ஊரும் நிக்கும்."

"ஏழரைக்கு உங்க வீட்டு வாசல்ல இருக்கேன்" என்றார் மெர்ல். "நீங்க முன்னாடி நடங்க. நான் உங்க பின்னாடி வர்றேன்."