கொப்புளிக்கச் சொன்ன மருந்து

என் அக்கா ராஜமேரிக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு. சீர்வரிசையில் சேராத பொருள் என்பதால் கல்யாணத்தின்போது யாரும் அதைக் குறிப்பிடவில்லை. பிறகு தர்மபுரியில் ஒரு டாக்டரம்மா பம்பு ஒன்று எழுதிக் கொடுத்தார். காலையும் மாலையும் வாயில் வைத்து அழுத்தி, மருந்தை உள்ளே இழுக்க வேண்டும். இழுத்ததும் வாய் கொப்புளித்துத் துப்ப வேண்டும். அதன்பின் அக்கா கோயிலில் நீளமான பாட்டையெல்லாம் முழுசாகப் பாடினாள். பக்கத்தில் உட்காருபவர்களுக்குத்தான் கஷ்டம்.

பிள்ளை பெற்று, காரிமங்கலம் பக்கம் புருஷன் வீட்டுக்கு அவள் திரும்பிய பிறகுதான் மாமியார் மிக்கேலம்மாள் அந்தக் கொப்புளிப்பைக் கவனித்தார்.

"வாய்க்கே ஆகாதுன்னு துப்பச் சொல்ற மருந்து, உள்ள போயி பாலுக்கு மட்டும் ஆகுமா?"

கேள்வி நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் யாரிடமும் பதில் இல்லாததால் பம்பு மாதா படத்துக்குப் பின்னால் போனது.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அக்கா பிள்ளையை மடியில் போட்டுச் சுவரில் சாய்ந்திருந்தாள். பேச்சுக்கு நடுவே விசில் வந்தது.

"பம்பை எடுத்து இழு அக்கா."

"புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா என்னடா பண்றது?"

நான் மிக்கேலம்மாளிடம் போனேன். "அத்தை, அந்த மருந்து நெஞ்சோட நின்னுக்குதுங்க. பாலுக்கு வர்றது இல்லாத மாதிரிதான். கொப்புளிக்கறது வாய்ல புண்ணு வராம இருக்கறதுக்குங்க. டாக்டரம்மாவே சொன்னாங்க."

"நீ காலேஜுல என்ன படிக்கற தம்பி?"

"விலங்கியலுங்க."

"மாட்டு டாக்டருக்கா?"

"இல்லைங்க. இப்பத்திக்குத் தவளை வரைக்கும் வந்திருக்கோம்."

"தவளை பால் குடுக்குமா?"

"குடுக்காதுங்க."

"அப்ப உக்காரு. சோறு போடறேன்."

சாப்பிட்டபின் ஆதாரம் காட்டினார். அக்காவின் பாலைக் கரண்டியில் பிடித்து அதில் ஓர் எறும்பை விட்டார். எறும்பு நீந்திக் கரையேறினால் நல்ல பால், செத்தால் கெட்ட பால். எறும்பு செத்தது. நான் பக்கத்து வீட்டு எருமைப்பாலில் இன்னோர் எறும்பை விட்டேன். அதுவும் செத்தது.

"பார்த்தீங்களா அத்தை? எருமை பம்பு இழுக்கலைங்களே."

அவர் யோசித்தார். "அந்த எருமைக்கும் என்னமோ சீக்கு இருக்குது. நாளையிலிருந்து அங்க பால் வாங்க வேண்டாம்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எம் மூத்தவன் பால் குடிச்சுக்கிட்டிருக்கும்போதே போயிட்டான் தம்பி. அப்ப நான் காய்ச்சலுக்கு ஒரு மருந்து குடிச்சிருந்தேன். அதனாலயா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் எனக்குச் சொல்லல."

நான் கரண்டியை எடுத்துப்போய்க் கழுவி வைத்தேன்.

அக்காவின் புருஷன் அல்போன்ஸ் மாமாவுக்கு ஓசூர் கம்பெனியில் வேலை, ஞாயிறுதோறும் வருவார். அவரிடம் நியாயம் கேட்டேன். "அம்மா சொல்றதும் சரி, மச்சான் சொல்றதும் சரி," என்று நியாயத்தை இரண்டாகப் பங்கிட்டார்.

மத்தியானத்துக்கு மேல் அக்காவுக்கு இழுப்பு முற்றியது. பேச்சு நின்றது, உதடு நீலம் பாய்ந்தது. நான் மாதா படத்தின் பின்னாலிருந்து பம்பை எடுத்து வாயில் வைத்தேன். அவளால் இழுக்க முடியவில்லை. இழுத்திருந்தாலும் பயனில்லை, அது இழுப்பு வராமலிருக்க அன்றாடம் எடுக்கும் மருந்து, வந்தபின் நிறுத்தாது. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு பம்போடு நின்றேன்.

தக்காளி ஏற்றப் போன வேனை மறித்து அக்காவையும் பிள்ளையையும் தர்மபுரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் மிக்கேலம்மாள் அக்காவின் முதுகைத் தேய்த்துக்கொண்டே செபமாலை சொன்னார். ஒரு மணிகூடத் தவறவில்லை.

ஊசியும் ஆக்ஸிஜனும் கொடுத்து, இழுப்பு தணிந்தபின் டாக்டரம்மா சொன்னார்: "பம்பை நிறுத்தினதுதாம்மா வினை. தெனமும் இழுக்கட்டும், தாராளமா பாலும் குடுக்கட்டும். புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

மிக்கேலம்மாள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "சரிங்க" என்றார். இவ்வளவு மரியாதையாக ஒருவர் நம்பாமலிருந்ததை நான் பார்த்ததில்லை. டாக்டரம்மா நகர்ந்ததும் மாமாவைக் கடைக்கு அனுப்பினார். பால்பவுடர் டின்னும் புட்டியும் வந்தன.

"மருந்து அவளுக்கு, டின்னு புள்ளைக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டும்."

"பால் குடுக்கலாம்னுதானே அத்தை அவங்க சொன்னாங்க?"

"குடுக்கலாம்னாங்க. குடுத்தே ஆகணும்னு சொல்லலையே."

அக்கா பம்பை இழுத்தாள், கொப்புளித்தாள், பிள்ளைக்குக் கையை நீட்டினாள்.

"நீ களைச்சுக் கெடக்கற, படு கண்ணு," என்று மாமியார் அன்பாகச் சொல்லி, பிள்ளையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார். அது புட்டியைத் தள்ளித் தள்ளி அழுதது. அழுகைச் சத்தத்துக்குப் பால் சுரந்து அக்காவின் ஜாக்கெட் நனைந்தது. மாமா மின்விசிறியைப் பார்த்தார். நான் முதலிலிருந்து மறுபடியும் விளக்கினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் மட்டும் கடைசிவரை கேட்டாள்.

அக்காவுக்கு இப்போது மூச்சு நன்றாக வந்தது. சத்தமாகவே அழ முடிந்தது.