ஞாயிற்றுக்கிழமை ஐஸ்

ஐஸ் கம்பெனியின் பூட்டிய கதவுக்கு முன்னால் ஜெபமாலை நனைந்த சாக்குகளோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒன்பது கூடை சாளை மீன். மேலாக ஒரு பெரிய சீலா, வலையில் தப்பித்தவறி விழுந்தது. மதிய வெயிலில் சாளையின் வயிறு உப்பத் தொடங்கிவிட்டது. ஈ விரட்டி அவளுக்குக் கை ஓய்ந்துபோயிற்று.

மேட்டூரில் தண்ணீர் இல்லை, கரண்ட் பற்றாது என்று சர்க்கார் ஆலைகளுக்கெல்லாம் வாரம் ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்தியிருந்தது. பாம்பன் ஐஸ் கம்பெனிக்கு வாய்த்தது திங்கள். இங்கே மாதா கோயில் வேதக்காரர்கள் யாரும் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஒரு நாள் ஆறிய கடலில் திங்களன்றுதான் மீன் கொட்டும். கொட்டி என்ன, ஐஸ் இல்லாத சாளையை வியாபாரி ஹமீது தொடமாட்டார். அது தென்னந்தோப்புக்கு உரமாகத்தான் போகும்.

கரண்ட்டை ஞாயிற்றுக்கிழமை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று, பூசைக்கு உதவும் கோயில்பிள்ளை ஒரு மனு எழுதினார். முதல் கைநாட்டு ஜெபமாலையுடையது. எட்டு மாதமாகப் பதில் இல்லை. வீட்டில் இரண்டு வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். கடைசியில் அவள்தான் ஞாயிற்றுக்கிழமையே கடலுக்குப் போகச் சொல்லிப் புருஷன் சவேரியாரைப் பிடுங்கி எடுத்தாள். அவன் இன்று பூசையை விட்டுவிட்டு, கோயில் பக்கம் முகத்தைத் திருப்பாமல் வள்ளத்தைத் தள்ளினான். இப்போது கூடைகளுக்கு அந்தப் பக்கம் அவளைப் பார்க்காமல் தலையைக் குனிந்தபடி நின்றுகொண்டிருந்தான்.

காவல்காரன் இருளாண்டி வந்தான். கடலாடிப் பக்கத்து ஆள்.

"நேத்துப் பொழுதடையத்தான் ஆர்டர் வந்துச்சு தாயி. இனிமே ஞாயித்துக்கெழமதான் கரண்ட் கெடையாது. நீங்க கேட்டபடியே குடுத்துட்டாக."

ஜெபமாலைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு கட்டியாவது இருக்குமா என்று கேட்டாள். மரத்தூளில் ஒன்று புதைத்து வைத்திருப்பதாகவும், அது இன்று வரப்போகும் கரண்ட் ஆபீசருக்கு என்றும் இருளாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. இறங்கும்போதே ஆபீசர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். மனுக் கொடுத்தவர்களை அவரே தேடி வந்திருக்கிறாராம்.

"உங்க குறை தீர்ந்துடுச்சும்மா. இதுல ஒரு கைநாட்டு வை, ஃபைலை முடிச்சிடலாம்."

"இன்னைக்கு மட்டும் கரண்ட விடச் சொல்லுங்கய்யா. ஒம்போது கூட கெடக்கு. புள்ளைக கெழங்கத் தின்னு தின்னு வயித்தால போகுதுக."

ஆபீசர் கூடைகளைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டோம் என்று மனுவில் எழுதியிருக்கிறதே, பிறகு ஏன் போனீர்கள் என்று கேட்டார். சவேரியாரின் தலை இன்னும் கீழே போயிற்று. சர்க்காரிடம் பொய் சொல்லக்கூடாது என்று புத்தி வேறு சொன்னார்.

டிரைவர் மைப்பெட்டியை நீட்டினான். செதில் ஒட்டிய கட்டைவிரலை ஜெபமாலை அதில் அழுத்தினாள். மையோடு மீன் ரத்தமும் காகிதத்தில் இறங்கியது. ஆபீசர் அருவருப்போடு அதன் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து டிரைவரிடம் கொடுத்தார். பிறகு சீலாவைக் காட்டி, இது இன்னும் கெடவில்லை போலிருக்கிறதே என்றார். விலை கேட்கவில்லை. இருளாண்டி ஐஸ் கட்டியை உடைத்துப் பெட்டியில் போட்டான். தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அவனுக்கே இருந்தது. டிரைவர் சீலாவை அதில் படுக்கவைத்து ஜீப்பின் பின்னால் ஏற்றினான்.

ஜீப் போனது. சவேரியார் மண்வெட்டியைத் தோளில் போட்டான். ஜெபமாலை முதல் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டாள். அழுகிய நீர் கழுத்தில் வழிந்து ரவிக்கைக்குள் இறங்கியது. தென்னந்தோப்புக்குப் போகும் மணல்பாதையில் ஜீப்பிலிருந்து சொட்டிய ஐஸ் தண்ணீர் நீளமாக ஒரு ஈரக்கோடு போட்டிருந்தது. இருவரும் அதை மிதித்தபடி குழி வெட்டப் போனார்கள்.