‘ஆனால்’ வருவதற்குள்

எதிரில் இருப்பவர் சொன்னதை முதலில் கொஞ்சம் ஒப்புக்கொள், பிறகு ‘ஆனால்’ என்று மறுத்துப் பேசு. பல்கலைக்கழக வகுப்பில் இங்கிலீஷில் விவாதிக்கத் தயங்கும் பிள்ளைகளுக்கு ஒன்பது வருஷமாக நான் சொல்லித்தரும் பாடம் இதுதான். ‘ஐ அக்ரீ’ என்று தொடங்கினால் பெரியவரை எதிர்த்துவிட்டோமே என்ற கூச்சம் போய்விடும். இதை நானே கண்டுபிடித்தேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

சுனில் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். மர்பி டவுன் குடிசைப் பகுதிக்காரன்; அம்மா தள்ளுவண்டியில் இட்லி விற்கிறார். சமூகவியல் எம்.ஏ.வில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது, வாய்மொழி விவாதத் தேர்வில் தேற வேண்டும் என்ற நிபந்தனையோடு. மறுத்துப் பேசாவிட்டால் தேர்ச்சி இல்லை. இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

தேர்வு நடத்தியவர் பேராசிரியர் சேஷகிரி. பக்கத்தில் நான், இரண்டாவது தேர்வாளர். அவர் வேண்டுமென்றே தப்பான கருத்து ஒன்றைச் சொல்வார், மாணவர் மூன்று நிமிஷத்தில் அதை மறுக்க வேண்டும்.

“குடிசைக்காரர்கள் மாடி வீடு கொடுத்தாலும் போகமாட்டேன் என்கிறார்கள். வெறும் சோம்பல்,” என்றார் இங்கிலீஷில்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. சுனில் குடும்பத்துக்கு நாலாவது மாடியில் வீடு ஒதுக்கியிருந்தார்கள். வண்டியை எங்கே நிறுத்துவது, விடியற்காலையில் மாவுக் குண்டானை யார் இறக்குவது என்று என்னிடம் அரை மணி நேரம் விளாசியவன் அவன். இதைவிட நல்ல கேள்வி அவனுக்கு அமையாது.

எழுந்து நின்றான். “ஐ அக்ரீ வித் யூ, சார்,” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு மூச்சை இழுத்தான்.

“குட். தாங்க் யூ,” என்று சேஷகிரி அடுத்த தாளைப் புரட்டினார்.

சுனில் வாயை மூடிக்கொண்டான். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்தவன். என்னைப் பார்த்தான். நான் மேஜையைப் பார்த்தேன். வெளியே போய்விட்டான்.

“அவனே ஒத்துண்டுட்டானே, மறுப்புக்கு சைபர் போடறேன். அப்ஜெக்ஷன் ஏதாவது இருக்கா, ஸ்வர்ணா?”

இருந்தது. அவன் இன்னும் முடிக்கவில்லை, திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

“நீங்க சொல்றது சரிதான் சார்,” என்று தொடங்கினேன்.

“அப்போ கையெழுத்துப் போடுங்கோ.”

போட்டேன். கோபமோ அழுகையோ எதுவும் வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன். அவளும் ‘ஐ அக்ரீ’ என்றுதான் தொடங்கினாள்.

தேர்வு முடிந்து வந்தபோது சுனில் படிக்கட்டில் காத்துக்கொண்டிருந்தான்.

“வண்டி மேட்டர் ஃபுல்லா ரெடியா வெச்சிருந்தேன் மிஸ். சார் அவசரப்பட்டுட்டாரு.” சிரிக்கப் பார்த்தான். “பரவால்ல, நீங்கதான் உள்ள இருந்தீங்களே. எனக்காக ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பீங்க, இல்ல?”

“சொன்னேன்பா,” என்றேன்.

கையெடுத்துக் கும்பிட்டான். உடனே வீட்டுக்குப் போன் போட்டான்.

“அம்மா, பயப்படாத. மிஸ் பேசிட்டாங்களாம். சீட் எங்கயும் போவாது.”