வாசலுக்கு இரண்டு சாவி

"என்ன பாய், இன்னைக்கு லேட்டு?" என்று பாண்டியராஜன் கேட்டபோது கடைக்குள் யாரும் தலை நிமிரவில்லை. சாப்பிடாமல் கிளம்பிவிட்ட அண்ணன் பின்னாலேயே இட்லி டப்பாவோடு வந்திருந்த ஷாஹீதா மட்டும் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் பாண்டி அவள் அண்ணனை மாப்ள என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. பாய் என்பது ஊரில் முஸ்லிம்களை எல்லாரும் கூப்பிடுகிற சொல்தான். ஆனால் பாண்டி வாயிலிருந்து அது வந்தபோது, வாசலில் நிற்கும் வெளியாளைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. அண்ணன் உபைதுல்லா நேராகத் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தான்.

கோரிப்பாளையத்தில் தர்கா பக்கமாக இருவரும் கூட்டாகப் போட்ட செல்ஃபோன் சர்வீஸ் கடை அது. நாகமலைப் பக்கத்துக் கீழக்குயில்குடியிலிருந்து தினமும் பைக்கில் வருகிற பாண்டி ஃபோனைப் பிரித்தால் உபைது சாலிடர் வைப்பான். ஷட்டரின் இரு முனையிலும் ஆளுக்கொரு பூட்டு. கூட்டு வியாபாரம் உருப்படாது என்று பயமுறுத்திய சொந்தக்காரர்களின் வாயை அடைக்கச் செய்த ஏற்பாடு. கொஞ்ச நாளிலேயே சாவிக்கு நகல் எடுத்து மாற்றிக்கொண்டார்கள். பூட்டு ஊருக்கு, சாவி நமக்கு என்று சொல்லிச் சிரிப்பார்கள். அது ஷாஹீதாவுக்கு அவ்வளவு பிடித்துப்போய், தான் எழுதும் கதைக்குள் கொண்டுபோய் வைத்தாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அவளுக்கு வீட்டிலிருந்தபடி வேலை. நெடுங்காவல் என்கிற ஆன்லைன் விளையாட்டுக்குத் தமிழில் கதையும் வசனமும் எழுதுவது. எந்த விளையாட்டு என்று யாரிடமும் சொல்லக் கூடாதென்று கம்பெனி கையெழுத்து வாங்கியிருந்தது. அதில் ஆற்றார், மலையார் என்று இரண்டு கூட்டம்; ஒன்றில் சேர்ந்தால் மாற முடியாது. நடுவே ஒரு காவல்வாசல். அதற்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி இவர்களிடம், ஒன்று அவர்களிடம். வாசல் காக்கும் தவசி என்ற பெரியவர் எந்தப் பக்கத்துக் குதிரை வந்தாலும் தண்ணீர் காட்டிப் பேர் சொல்லி விசாரிப்பார். பூட்டும் தவசியும் அவள் சேர்த்தவை. கம்பெனிக்கு இரண்டுமே பிடித்துப்போயின.

போன மாதம் வந்த பாகத்தில் வாசல் திறந்து கிடந்தது, தவசி எரிந்து கிடந்தார். ஆற்றாரின் திரையில் மலையார் சாவியைத் திருடித் தீ வைத்தார்கள். மலையாரின் திரையில் ஆற்றார் அதையே செய்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு அழ வேண்டும், ஒரே அளவு கொதிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவளும் எழுதினாள், நன்றாகவே எழுதினாள். முடித்த பிறகு, உண்மையில் யார் செய்தது என்று மேலாளர் அம்மாளிடம் கேட்டாள். அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை, தேவையும் இல்லை என்று அந்தம்மா தன்மையாகச் சொன்னார்.

அந்த விளையாட்டில் சண்டை போட எதிராள் வேண்டுமே என்று உபைது ஆற்றாரிலும் பாண்டி மலையாரிலும் சேர்ந்திருந்தார்கள். தவசி செத்ததிலிருந்து கேலி குறைந்து குத்தல் கூடியது. கடைக்கு வருகிறவர்களில் தர்கா பக்கத்து ஆட்கள் உபைதின் மேசையோரமும் நாகமலைப் பக்கத்து ஆட்கள் பாண்டியின் மேசையோரமும் நிற்கத் தொடங்கினார்கள். யாரும் சொல்லி நிற்கவில்லை. அப்படி நிற்பவர்களில் பாதிப்பேர் விளையாடுகிறவர்களே இல்லை என்பதை இன்றைக்குத்தான் ஷாஹீதா கவனித்தாள். பயமாக இருந்தது. கடையில் கூட்டம் கலையும் வரை காத்திருந்தாள். வேலை போனால் போகிறது என்று வாயைத் திறந்தாள்.

"அண்ணே, ரெண்டு பேருந்தான் கேளுங்க. அந்த நெடுங்காவல் கதைய எழுதுறதே நான்தான். ஒங்க பக்கமும் நான்தான், பாண்டி அண்ணன் பக்கமும் நான்தான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள். பாண்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னான். வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு என்ன வேலை பார்த்திருக்கிறாள் பார் என்று உபைது பெருமைப்பட்டான். அவளுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அது இறங்கின இடம் ஆறுவதற்குள் பாண்டி கேட்டான்.

"அப்ப தவசிய யாருதாம்மா கொன்னது?"

"யாருமில்லண்ணே. அத எழுதவே இல்ல."

"எழுதாம எப்பிடி எரிஞ்சாரு?" என்றான் உபைது. "நான் பாத்தேன்ல."

"நானுந்தான் பாத்தேன்," என்ற பாண்டி ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் மிச்சத்தைச் சொன்னான். "ஒந் தங்கச்சி எழுதுனது. எங்க பக்கத்துக்கு எப்பிடி எழுதுச்சோ, யாரு கண்டா."

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்த உபைது சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். வேறெதையோ நினைத்துக்கொண்டவன் போல, "என் சாவி ஒண்ணு அவன்ட்ட கெடக்குல்ல?" என்றான். ஷாஹீதா எழுந்தாள். அறைக்குள் போய் மேலாளரை ஃபோனில் கூப்பிட்டு, அடுத்த பாகத்தை நிறுத்த முடியுமா என்று கேட்டாள். அவள் அனுப்பியது எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, திங்கட்கிழமை வெளியாகிறது என்று அந்தம்மா வாழ்த்துச் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு, கடைக்கு லீவு. திங்கட்கிழமை காலை அவள் போனபோது ஷட்டர் இறங்கியே இருந்தது. முன்னால் இரண்டு கூட்டம், நடுவே ஒரு பைக் போகிற அளவுக்கு இடைவெளி. இடது முனையில் பாண்டியின் பழைய பூட்டுக்குக் கீழே பளபளவென்று புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. வலது முனையிலும் உபைதின் பூட்டுக்குக் கீழே ஒரு புதுப் பூட்டு. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வந்து மாட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டுக்கும் நகல் சாவி கிடையாது. ஆளுக்கொரு முனையில் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். திறக்கக் குனிந்தால் மற்றவனுக்கு முதுகைக் காட்ட வேண்டியிருக்கும். யாரும் குனியவில்லை.

"அண்ணே," என்றாள் ஷாஹீதா. இரண்டு பேரில் யாரைக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் திரும்பவில்லை.

அப்போது இருவர் பையிலும் ஒரே நேரத்தில் ஃபோன் அதிர்ந்தது. பிறகு கூட்டத்திலும் அங்கங்கே அதிர்ந்தது. அடுத்த பாகம். அதில் இரண்டு பக்கத்துக்கும் என்ன இருக்கிறதென்று அந்தத் தெருவில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். உபைதும் பாண்டியும் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஃபோனை எடுத்தார்கள். மற்றவன் கண்ணில் படாதபடி திரையைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார்கள்.