செவலை நின்ற வரிசை

பால்காரியின் செவலைப் பசு செத்த மறுநாள் காலை எழுந்து, உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு, நிவாரண அலுவலகத்துக்கு நடந்து போனது. வழியில் பார்த்தவர்கள் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மழை பொய்த்த மூன்றாவது வருடம் அது. ஊரில் உயிரோடிருந்த மாடுகளும் கிட்டத்தட்ட அதே கோலத்தில்தான் நடமாடின.

அலுவலக வளாகத்துக்குள் வைக்கோல் லாரிகள் வந்து ஒரு மாதமாகியிருந்தது. தண்ணீர் லாரியும் நின்றது. அதன் குழாயில் சொட்டியதைக் குடித்துக் காக்கைகள் மட்டும் கொழுத்திருந்தன. சுவரோரம் புதுக் கழிப்பறைகள், நீலக் கதவுகளில் பூட்டோடு. பெண்கள் அந்த நீலத்தைத் தாண்டித்தான் முள்காட்டுக்குப் போனார்கள். இதையெல்லாம் திறந்துவைக்க வேண்டிய பெரியவருக்குத் தேதி ஒழியவில்லை. பால்காரி தினமும் போய்க் கையேந்தினாள். "நாளைக்கு வாம்மா" என்றார் அதிகாரி, முகம் பார்க்காமல். நாளையை மாடு தின்னுமா? கடைசியில் தன் கூரை ஓலையைப் பிய்த்துப் போட்டாள். அதுவும் தீர்ந்த அன்று செவலை படுத்தது, எழவில்லை. கன்று மட்டும் மிஞ்சியது.

இப்போது வளாகத்தின் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. கயிறு போட்டு இழுத்தார்கள், கயிறு அறுந்தது. ஜேசிபி வந்தது, அதன் பல் வளைந்தது. பிறகு ஊர்த் தையல்காரரின் செத்த ஆடுகள், தூக்கிப் போட்டிருந்த பள்ளத்திலிருந்து ஏறி வந்து பின்னால் நின்றன. அவற்றின் பின்னால் எருமைகள். ஒரு வாரத்தில் வரிசை கடைத்தெருவைத் தாண்டியது. எதுவும் முண்டியடிக்கவில்லை. நாற்றமும் இல்லை.

பெரியவர் ஒருவழியாக வந்த அன்று, அதிகாரி வேர்க்க விறுவிறுக்கப் பால்காரி வீட்டுக்கு ஓடிவந்தார்.

"உங்க மாட்டைக் கொஞ்சம் ஓரமா கட்டுங்கம்மா. போட்டோ எடுக்கணும்."

"உசிரோட இருந்தப்ப அதுக்குப் புல்லு கேட்டேன். நாளைக்கு வான்னீங்க. இப்ப அதுவே வந்திருக்கு. நீங்களே பேசிக்கங்க."

சொல்லிவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தாள். செவலை அவளுக்கு மட்டும் விலகி வழிவிட்டது. பெரியவர் ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலை வாங்குவதற்குள் கேட்டின் பூட்டு தெறித்தது. அடுத்து நீலக் கதவுகள், ஒன்று விடாமல். "அரசாங்கச் சொத்தும்மா!" என்று அலறினார் அதிகாரி. "அப்ப நாங்க யாரு வீட்டுச் சொத்து?" என்றாள். அதற்குள் அவள் பின்னாலேயே ஊர் உள்ளே புகுந்திருந்தது. குடங்கள் நிறைந்தன. செவலையின் கன்று வைக்கோலை மென்ற சத்தத்தைக் கேட்டபோதுதான் அவள் உட்கார்ந்து அழுதாள். அழுகை முடிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அவளைப் பிடிக்க வந்த போலீஸாரால் வரிசையைத் தாண்ட முடியவில்லை. அரை நாள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

செத்தவை நகரவே இல்லை. மழை வந்தது, பொய்த்தது, மறுபடி வந்தது. ஊழியர்கள் கொம்புகளில் குடை மாட்டப் பழகினார்கள். மாற்றலாகி வரும் ஒவ்வொரு அதிகாரியும் முதல் நாள் கேட்டில் நின்று, இதை ஏன் இன்னும் அப்புறப்படுத்தவில்லை என்று அதட்டுவார். காவலாளி எழுந்திருக்காமலே பதில் சொல்வார்:

"அது உங்களுக்கு முன்னாடி வந்தது சார். நீங்க பின்னாடி போய் நில்லுங்க."