சாரம்மாளின் நல்ல படம்

காலை ஒன்பது மணிக்கு, கொக்கிரகுளத்துத் தெருமுனையில் சாரம்மாளின் ஆதார் அட்டைப் படத்தை ஆறடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸில் கட்டிக்கொண்டிருந்தார்கள். துக்க வீட்டுக்குக் காப்பி போடப் பால் வாங்கிக்கொண்டு வந்த கரோலின் அதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். படத்தில் ஒரு கண் பாதி மூடியிருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மேலே ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று போட்டிருந்தது. முகத்தைப் பார்த்தால் கர்த்தரிடமே சண்டைக்குப் போகிறவள் மாதிரி இருந்தது.

“போயும் போயும் இதையா போடணும்” என்று கரோலின் தலையில் அடித்துக்கொண்டாள்.

சாரம்மாள் அவளுடைய மாமனாரின் தங்கை. பக்கத்து வீடு, நடுவில் இடுப்பளவு சுவர்தான். கல்யாணமாகி வந்த இருபத்திரண்டு வருஷமும் அந்தச் சுவருக்கு மேலே அத்தையின் தலை தெரியாத நாள் கிடையாது. கரோலின் என்ன குழம்பு வைக்கிறாள், மகள் ஸ்டெபி எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள், புருஷன் எஸ்றா ஏன் இப்படி இளைத்துவிட்டான், எல்லாவற்றுக்கும் அத்தையிடம் ஓர் அபிப்பிராயம் இருந்தது. அதை நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லத் தொண்டையும் இருந்தது, பெண்கள் விடுதியில் முப்பது வருஷம் வார்டனாக இருந்த தொண்டை. இந்த வாய் கொஞ்சம் மூடியிருக்கக் கூடாதா ஆண்டவரே என்று கரோலின் ஜெபத்தில்கூடக் கேட்டிருக்கிறாள்.

ஊரையே அதிகாரம் பண்ணின அத்தை அவளிடம் கெஞ்சிக் கேட்டது ஒரே ஒரு காரியம்.

“ஏட்டி, நான் செத்தா அந்த ஆதார் படத்தை மட்டும் போட்டுராதீய. கோழி திருடி மாட்டுனவ மாதிரி இருக்கேன். நல்ல படம் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்.”

“எங்க வச்சிருக்கிய அத்தை?”

“பத்திரமா இருக்கு. ஒன்ட்ட சொன்னா தொலைச்சிருவ. போட மாட்டேன்னு வாக்குக் குடு.”

கரோலின் கையடித்துக் கொடுத்தாள். அத்தை பத்திரமாக வைத்த சாமான் எதுவும் திரும்பக் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை. மூக்குக்கண்ணாடி, கேஸ் புத்தகம், ஒரு தடவை பல்செட்டுகூட அப்படித்தான் போனது.

வீட்டு வாசலில் அத்தையின் மகன் ஹெப்ரான் போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான். நேற்று விடியற்காலையில் உயிர் போனது. அவன் இரவில்தான் ஓசூரிலிருந்து வந்து சேர்ந்தான்.

“ஏன் தம்பி, ஒனக்கு வேற படமே கெடைக்கலையா?”

“எம் போன்ல அதுதாங்க்கா இருந்துச்சு. செத்தவங்க படத்தை யாரு உத்துப் பாக்கா?”

“நாலு மணிக்கு ஒங்கம்மா பெட்டி அந்த முனை வழியாத்தான் கல்லறைக்குப் போவுது. சபையே உத்துப் பாக்கும்.”

“அப்ப வேற படம் தாங்க. மூணு மணிக்குள்ள தந்தா மாத்திருவோம்.”

முன்னறையில் ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் கரோலின் தேட ஆரம்பித்தாள். வேதப் புத்தகத்தை உதறினாள். காய்ந்த குருத்தோலையும் காணிக்கைக் கவர்களும் விழுந்தன. தலையணை உறை, தையல் மிஷின், மாவு டின், ஒன்றையும் விடவில்லை. பீரோவுக்குள் தலையை விட்டபோது பாட்டு பாதியில் நின்றது.

“அதுக்குள்ள நகையத் தேடுதியாட்டி?” என்றாள் எதிர்வீட்டு ஜெமிமா பெரியம்மா.

“போட்டோ தேடுதேன் பெரியம்மா.”

“ம்ம்” என்று ஜெமிமா இழுத்த இழுப்பில் இன்னும் பத்து வருஷத்துக்கு ஊரில் பேச்சு இருக்கும். செத்தும் என் மானத்தை வாங்குகிறாளே என்று கரோலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பன்னிரண்டு மணிக்குத் தேடுவதை விட்டுவிட்டு, காப்பியாவது போடுவோம் என்று தன் வீட்டு அடுப்படிக்குப் போனாள். புதுக் காப்பித்தூள் பொட்டலம் எடுக்கப் பரணை அண்ணாந்து பார்த்தவள் அப்படியே நின்றாள். அங்கே அத்தையின் பிஸ்கட் டப்பா இருந்தது. இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் வருஷம் டிசம்பரில் தாமிரபரணி தெருவுக்குள் வந்தபோது, வேறு ஒரு சாமானையும் எடுக்காமல் அந்த டப்பாவை மட்டும் இடுக்கிக்கொண்டு அத்தை இந்த வீட்டுக்கு ஓடி வந்தாள். வெள்ளம் வடிந்த பிறகும் எடுத்துப் போகவில்லை. இடத்தை அடைக்கிறது என்று பத்துத் தடவையாவது கரோலின் சொல்லியிருப்பாள். “அங்கனயே கெடக்கட்டும், ஒனக்கென்ன சோறா கேக்கு?” என்பாள் அத்தை.

டப்பாவில் ஓடாத கைக்கடிகாரம் ஒன்றும் ஞானஸ்நானச் சீட்டும் இருந்தன. அடியில் படம்.

பார்த்ததும் கரோலினுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சில வருஷத்துக்கு முன் அசனத்தன்று, சபை முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாளில், எடுத்த படம். அன்றைக்குக் கறிக்குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டது கரோலின். அதைப் பந்தி பந்தியாகப் போய்ச் சொன்னது அத்தை. படத்தில் அவள் கண்ணில் தண்ணீர் வர, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கரோலின், உர்ரென்ற முகத்தோடு அத்தையின் தோளில் கை வைத்திருந்தாள். அணைத்துக்கொண்டிருப்பதாகத்தான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் அத்தையின் வாயைப் பொத்தப் போன கை அது. போட்டோக்காரர் கொஞ்சம் முந்திவிட்டார்.

இந்தப் படம் கையில் கிடைத்தால் கிழித்துவிடுவேன் என்று கரோலின் அன்றைக்கே சொல்லியிருந்தாள். அதனால்தான் அவள் தேடவே மாட்டாத இடமாக, அவள் வீட்டிலேயே ஒளித்து வைத்திருக்கிறாள் கிழவி. எத்தனையோ ஸ்டூடியோ படம் இருக்க, எழுபத்தெட்டு வருஷத்தில் தன்னுடைய நல்ல படம் என்று அவள் எடுத்து வைத்தது இதைத்தான். கரோலின் பரணுக்குக் கீழே உட்கார்ந்து, “ஒங்களோட பெரிய ரோதனை அத்தை” என்றாள்.

ஃப்ளெக்ஸ் கடை மதார் பாய் கம்ப்யூட்டரில் முதலில் கரோலினின் தலையை எடுத்தார். “உசுரோட இருக்கவங்க படம் இதுல வரக் கூடாதுல்லா.” பிறகு உடம்பை எடுத்தார். கையில் வந்து நின்றார்.

“கையை எடுத்தா அவங்க தோளும் சேந்து போவுது. ஒரு ரோசாப்பூ வச்சு மறைச்சிருதேன்.”

“வேண்டாம் பாய். கை இருக்கட்டும்.”

“யாரு கைன்னு எல்லாரும் கேப்பாங்களே.”

“கேக்கட்டும்.”

நாலேகாலுக்குப் பெட்டி தெருமுனைக்கு வந்தது. மேலே சாரம்மாள் எட்டடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாடிக்கொண்டு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒன்றிரண்டு பேர் தாங்களும் சிரித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்கள். ஜெமிமா பெரியம்மா கரோலினின் முழங்கையை இடித்தாள்.

“அது யாரு கைட்டி?”

“என் கைதான் பெரியம்மா.”

“எவ்வளவு பாசமா போட்டிருக்க.”

இல்லை என்று சொல்ல வந்தவளுக்கு நேற்றைய விடியற்காலை ஞாபகம் வந்தது. அத்தையின் தாடையைத் துணியால் கட்டினது அவள்தான். வாய் இரண்டு தடவை திறந்துகொண்டது. மூன்றாம் தடவை இதே கையால் பொத்தி, அது மூடி நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஃப்ளெக்ஸில் அந்தக் கை இன்னும் தோளைத் தாண்டவில்லை. அத்தை வாயை மூடவில்லை. இரண்டு நாளாக வராத அழுகை கரோலினுக்கு நடுத்தெருவில் வந்தது.

“ஆமா பெரியம்மா” என்றாள்.