கச்சைக்குள் முத்திரை

ஒசாகாக்காரன் ஒரு பொருளை வாங்கினால், பொருளைக் காட்டுவதற்கு முன்பே விலையைச் சொல்லிவிடுவான். எவ்வளவு அடித்துப் பேசி வாங்கினேன் பார் என்பதில்தான் அவனுக்குப் பாதி சுகம். அந்த ஊரில் பிறந்து, கடைத்தெருவிலேயே வளர்ந்த ரியோஹெய், தோக்கியோ போகும் சொகுசு புல்லட் ரயிலுக்கு மூன்று டிக்கெட்டோடு வந்து நின்றான். "எவ்வளவுடா?" என்று அம்மா கேட்டதற்கு, "அது உனக்கெதுக்கும்மா, சும்மா வந்து உக்காரு" என்றான்.

அம்மா சதாயேக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. ஆதாயம் இல்லாமல் வியாபாரி ஆற்றோடு போவானா?

புருஷன் போனபின் பதினாலு வருஷமாக அந்தக் கொன்புக் கடையை அவள்தான் நடத்துகிறாள். கொன்பு என்றால் வடகடலில் அறுத்து, காயவைத்து, பலகை மாதிரி கட்டுக்கட்டாக வரும் பாசி. அதைக் கொதிக்கவிடாமல் சூடாக்கி இறக்கிய சாறு இல்லையென்றால் அந்த ஊர்ச் சமையலே இல்லை. கொஞ்ச நாளாகப் பையன், "நீ ரெஸ்ட் எடும்மா" என்று ஆரம்பித்திருந்தான். பக்கத்துக் கருவாட்டுக் கடைக்காரியும் இப்படித்தான் மகனோடு வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போனாள். போகும்போது முதலாளி. திரும்பி வரும்போது வீட்டில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள். குளித்த ஈரம் காய்வதற்குள் காகிதத்தில் முத்திரை வாங்கிவிட்டார்கள்.

கையெழுத்தை அங்கே யார் மதிக்கிறார்கள்? முத்திரை விழுந்தால்தான் கடை கைமாறும். சதாயேயின் முத்திரை மாட்டுக்கொம்பில் செதுக்கியது, விரல் நீளம். அதை வீட்டில் வைத்துவிட்டு வரப் பயந்து, கிமோனோவின் இடுப்புக் கச்சைக்குள் செருகிக்கொண்டுதான் ரயில் ஏறினாள்.

மருமகள் சிசுரு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் கியோத்தோக்காரி. கியோத்தோக்காரர்கள் பாராட்டினால் அதைச் சட்டையைப் போல உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருநாள், "அத்தை, உங்க சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேக்குதுங்க, சந்தோஷமா இருக்கு" என்றாள். அது மெதுவாகச் சிரி என்று சொன்னது. சதாயேக்குப் புரிய மூன்று மாதம் ஆனது.

"இந்தக் கிமோனோ உங்களுக்கு எவ்வளவு எடுப்பா இருக்குங்க அத்தை" என்றாள் சிசுரு இப்போது.

'வயசுக்குத் தக்க உடுத்து என்கிறாள்' என்று கணக்குப் போட்டுக்கொண்டாள் சதாயே.

பாய் விரித்த தனி அறை. பணிப்பெண் மண்டியிட்டு முதல் தட்டை வைத்தாள். முறம் அளவு தட்டில் நகம் அளவு நாலு பதார்த்தம்.

"ஏண்டா, இவன் மீனை விக்கிறானா, தட்டை விக்கிறானா?"

"அம்மா, மெதுவா."

"மெதுவாத்தான்டா சாப்பிடணும். வேகமாச் சாப்பிட்டா ஒரு வாய்க்குக் காணாது."

ரியோஹெய் சிரித்தான். ஆனால் அவன் கால் பையை விட்டு நகரவில்லை. செல்போனை எடுக்கக் குனிந்தபோது பையிலிருந்து ஒரு பழுப்பு உறை வெளியே நழுவியது. அதோடு ஒரு சின்ன வட்டத் தகர டப்பாவும் உருண்டு வந்தது. சிவப்பு மை டப்பா. முத்திரையை ஒற்றுவதற்குத் தவிர வேறு எதற்கும் உதவாத மை. அவன் சட்டென்று எடுத்து உள்ளே திணித்தான். சதாயே பார்க்காதவள் போல ஜன்னல் பக்கம் திரும்பி, கச்சையின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அடுத்து அரக்குக் கிண்ணத்தில் தெளிந்த சாறு வந்தது. மூடியைத் திறந்து ஒரு மிடறு குடித்தாள். கை அப்படியே நின்றது.

அவளுடைய சரக்கு. இரண்டு வருஷம் நிலவறையில் கிடந்து பாசிவாடை போன கொன்பு. பெற்ற பிள்ளையை முதுகைப் பார்த்தே கண்டுபிடிப்பது போல அவள் நாக்கு கண்டுபிடித்தது. அவள் இந்த ரயில்காரனுக்கு ஒரு கட்டுகூட விற்றதில்லை. அப்படியென்றால் முதுகுக்குப் பின்னால் எல்லாம் முடிந்துவிட்டது. கடை ஏற்கெனவே போய்விட்டது. முத்திரை மட்டும்தான் பாக்கி.

பிறகு வந்த பொரித்ததும் வேகவைத்ததும் மண்ணாக இறங்கின. கடைசியில் சோற்றுக் கிண்ணமும் தேநீர்க் கெண்டியும் வந்தன. கெண்டியைக் கையில் எடுத்த சிசுரு தலை சாய்த்துக் கேட்டாள்:

"அத்தை, டீ ஊத்தின சோறு கொஞ்சம் சாப்பிடுறீங்களா?"

அவ்வளவுதான். கியோத்தோ வீட்டில் விருந்தாளியிடம் இதைக் கேட்டால், நேரமாச்சு, எழுந்து போ என்று அர்த்தம். சதாயே சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"போகச் சொல்றியா? என் கடையை விட்டு, என் காசுல சோறு தின்னவளே என்னைப் போகச் சொல்றியா? முத்திரை இங்கதான் இருக்கு. எடுக்கிறதுன்னா என் கச்சையை அவுத்துத்தான் எடுக்கணும்."

சிசுரு கெண்டியோடு உறைந்து போனாள். ரியோஹெய் உறையிலிருந்த காகிதத்தை எடுத்து அம்மா முன்னால் விரித்தான்.

"படிச்சுட்டுத் திட்டும்மா. கடையை யாரும் வாங்கல. இந்த ரயில் சமையலுக்கு மூணு வருஷம் நாமதான் கொன்பு போடணுமாம். முதலாளி முத்திரை வேணும்கிறாங்க. முத்திரையைப் பெட்டியிலிருந்து நானே எடுத்து வரலாம்னு போனா, பெட்டி காலி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"போன வருஷம் ஹோட்டல்காரன் பேரமே கிடையாது, ஒரே விலைன்னு காகிதம் நீட்டினப்ப என்ன செஞ்ச? அவன் தெரு முனை தாண்டறதுக்குள்ள, பீடை போகட்டும்னு வாசல்ல உப்பை அள்ளி வீசின. அதான் நிலவறையிலிருந்து ஒரு கட்டை இவங்ககிட்டக் குடுத்து, முதல்ல உன்னைக் குடிக்க வைப்போம்னு. நீ வாடிக்கைக்காரனுக்கு முதல்ல ஒரு கிண்ணம் சாறு ஊத்திட்டுத்தானே விலை பேசுவ?"

சதாயே காகிதத்தை எழுத்தெழுத்தாகப் படித்தாள். அவள் வித்தையை அவளிடமே விற்றிருக்கிறான். சரக்கைக் கேட்காமல் எடுத்ததற்கு அறையலாம். விற்ற விதத்துக்கு அறைய முடியாது.

"அந்தச் சோறு?" என்றாள் மருமகளிடம்.

"சாப்பாட்டுப் பட்டியல்ல கடைசி ஐட்டமே அதானுங்க அத்தை. எங்க ஊர்ல விருந்தாளிங்ககிட்டத்தான் அப்படிச் சொல்லுவோம். நீங்க விருந்தாளி இல்லீங்களே."

சதாயே அந்த வாக்கியத்தை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். தையல் தெரியவில்லை. சந்தேகம் தீராமல் இன்னொரு தரம் திருப்பினாள்.

ஜன்னலில் புஜி மலை வந்து போனது. யாரும் பார்க்கவில்லை. காகிதத்தை வாங்கிப்போக ரயிலின் சமையல் தலைவர் வந்து அறை வாசலில் குனிந்து நின்றார்.

"விலையில நான் கை வைக்கல" என்றாள் சதாயே. "பட்டியல்ல 'ஒசாகா கொன்பு'ன்னு போட்டிருக்கு. ஒசாகாவில ஒரே கடையா?"

"கடை பேரு போடற வழக்கம் இல்லீங்களே அம்மா."

"மீனுக்குப் படகு பேரே போட்டிருக்கு. மீனை விட என் கொன்பு மட்டமா? அப்ப சாறை எடுத்துட்டு, மீனை வெந்நீர்ல போட்டுக் குடுங்க."

அவர் தலையைச் சொறிந்தார், பெருமூச்சு விட்டார், மேலிடத்துக்குப் போன் பேசினார். யோகோஹாமா வருவதற்குள் கடைப் பெயரைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். சதாயே கச்சைக்குள்ளிருந்து முத்திரையை எடுத்தாள். சிசுரு மை டப்பாவைத் திறந்து பிடித்தாள். முத்திரையை ஒற்றி, துடைத்து, திரும்பக் கச்சைக்குள்ளேயே செருகிக்கொண்டாள்.

"இப்பவாவது சொல்லு. டிக்கெட் எவ்வளவு?"

ரியோஹெய் தரையைப் பார்த்தான். "ஓசிம்மா. ரயில்காரங்களே குடுத்தது."

"அடப்பாவி, ஒசாகாக்காரன் இதையா மறைப்பான்? முதல்லயே சொல்லியிருந்தா நான் நிம்மதியாச் சாப்பிட்டிருப்பேன்ல?"

சோற்றுக் கிண்ணத்தை மருமகள் பக்கம் நகர்த்தினாள்.

"ஊத்து. இன்னொரு கிண்ணமும் கேளு."